ஒத்தியில் போன முன்கூடம்

ஆவணி 2, திங்கள்

காலையிலிருந்தே கச்சான் காற்று. வாயெல்லாம் மணல். என் வீட்டுக்காரர் மலாக்கா கப்பலில் கடைசியாகப் போட்ட சரக்கின் பங்கு வந்தது. எழுபது வராகன். அவர் மவுத்தாகிப் பத்து மாதம் கழித்து.

வீட்டின் மேல் இருக்கும் ஒத்திக் கடன் அறுபது. அடைத்தால் பத்து மிஞ்சும்.

வாங்க: உப்பு, விளக்கெண்ணெய், சின்னவளுக்குச் சட்டைத்துணி.

கடன் கொடுத்த செட்டியாரின் ஆட்கள் இன்றும் முன்கூடத்தில் துணிமூட்டை இறக்கினார்கள். வட்டி கிடையாது, பதிலுக்குக் கூடம் அவர் கிடங்கு. மூன்று வருஷமாக நானும் இரண்டு மகள்களும் பின்கதவு வழியாக, ஏரிச் சேற்றை மிதித்துக்கொண்டு.

ஆவணி 3, செவ்வாய்

காக்கா வந்தார். கூடப்பிறந்த அண்ணன் அவர் ஒருவர்தான். இதுவரை அவர் பேச்சைத் தட்டியதில்லை.

ஒத்திக்கு ஐந்து வருஷக் கெடு, இன்னும் இரண்டு இருக்கிறதாம். வட்டியில்லாத கடனை யாராவது ஓடிப்போய் அடைப்பார்களா என்றார். இந்த மாதம் புறப்படும் கப்பலில் துணியாகப் போட்டால் அடுத்த வருஷம் இரட்டிப்பாம். கணக்கு சரிதான். யோசிக்கிறேன் என்றேன்.

மடவை மீன் நாலு வாங்கினேன். ஒரே முள்.

ஆவணி 5, வியாழன்

யோசித்தாயிற்று.

என் வீட்டுக்காரர் மையத்தை அடக்கம் செய்ய எடுத்த அன்று கூடம் முழுக்க மூட்டை. செட்டியார் ஊரில் இல்லை. சந்தூக்குப் பெட்டியைச் சாய்த்துப் பின்கதவு வழியாகத்தான் எடுத்தார்கள். முழங்கால் சேறு. தூக்கியவர்களில் ஒருவர் வழுக்கினார். காக்கா கணக்கில் இதை எங்கே எழுதுவது?

பெட்டியிலிருந்து ஒத்தி ஓலையை எடுத்துப் படித்தேன். முதல் தடவை. கடன் வாங்கிய அன்று காக்காதான் படித்துச் சொன்னார். கெடு என்று ஒரு வார்த்தை இல்லை. பணம் வந்த அன்றே வீட்டை விடுவது என்றுதான் இருக்கிறது.

ஆவணி 6, வெள்ளி

பெரியவளோடு செட்டியார் வீட்டுக்கு. மரியாதையாக மோர் கொடுத்தார். கெடு இருக்கே, உங்க அண்ணன்கிட்ட பேசிக்கிறேன்மா என்றார். அறுபதையும் சரக்கில் போடுவதாகக் காக்கா கப்பல்காரரிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டாராம்.

ஓலையை அவர் முன்னால் வைத்தேன்.

"வீடு என்னுது. ஓலைல இன்னா இருக்குன்னு நீங்களே படிங்க."

படித்தார். எனக்குப் படிக்கத் தெரியுமா என்று கேட்டார். வாப்பா கற்றுக்கொடுத்தார் என்றேன். கப்பல் போனதும் காலி பண்ணுகிறேன் என்றார். திங்கட்கிழமைக்குள் என்றேன். பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு, வந்தது என்று ஓலையிலேயே எழுதிக் கொடுத்தார்.

தெருவுக்கு வந்ததும் ஓலையை இன்னொரு தடவை படித்தேன்.

ஆவணி 7, சனி

காக்கா வந்து கத்தினார். வாக்குக் கொடுத்துவிட்டாராம், இனிக் கப்பல்காரர் முகத்தில் எப்படி விழிப்பாராம்.

"என் பணத்துக்கு நீங்க எப்படி வாக்குக் குடுத்தீங்க?"

சாப்பிடாமல் போய்விட்டார். அழுதேன். ஆனால் செய்தது செய்ததுதான்.

கப்பல் நல்லபடியாகத் திரும்பி, எல்லார் பணமும் இரட்டித்தால் வருத்தப்படுவீங்களா உம்மா என்று பெரியவள் கேட்டாள்.

"படுவேன். நம்ம கூடத்துல உக்காந்து படுவேன்."

ஆவணி 9, திங்கள்

மதியத்துக்குள் கூடம் காலி. தரையெல்லாம் அவுரி நீலம், ஒரு மூலையில் செத்த எலி. முன்கதவு இறுகிப்போயிருந்தது. மூன்று பேரும் சேர்ந்து இழுத்தோம். காற்றும் மணலும் உள்ளே. சின்னவள் வாசலுக்கும் கூடத்துக்கும் ஓடிக்கொண்டே இருந்தாள்.

அசர் தொழுகைக்குப் பிறகு காக்கா வந்தார். முகத்தைப் பார்க்கவில்லை. மிச்சப் பத்தையாவது சரக்கில் போடக் கொடு என்றார். ஐந்து கொடுத்தேன். என் பேருக்குச் சீட்டு எழுதச் சொன்னேன். கூடப்பிறந்தவனிடமே சீட்டா என்று முனகிக்கொண்டே எழுதினார்.

அவர் எதிரிலேயே படித்துப் பார்த்தேன். ஒரு இடத்தில் திருத்தச் சொன்னேன்.