விமானம் இறங்கிய பிறகு ஒரு மத்தியானம்

அமரான்டே,
ஞாயிறு

அன்பு மருமகள் இடலீனாவுக்கு மாமா ஆர்மிந்து எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் அம்மாவின் முழங்கால் வலி பாதி போய்விட்டது, எல்லாம் நான் சொன்ன தைலம்தான். போனில் பேசினால் உன் புருஷன் லெயோனல் பக்கத்திலேயே இருப்பான், அதனால்தான் கடிதம்.

நீ சொன்னதை மறக்கவில்லை. இங்கே கட்டுகிற வீட்டைப் பார்க்க மாதம் ஒரு வெள்ளிக்கிழமை நீங்கள் இருக்கிற லக்சம்பர்க்கில் காலை விமானம் ஏறுகிறவன், இங்கே வந்து சேர இருட்டிவிடுகிறது. நடுவில் எவளாவது இருந்தால் இனி அவனோடு வாழ மாட்டேன் என்றாய். விசாரிக்கச் சரியான ஆளைத்தான் பிடித்தாய். பார்சல் வேனில் அந்த இரண்டாயிரம் கிலோமீட்டரை நானூறு தடவை ஓட்டியவன் நான். ஸ்பெயின் போலீஸ்காரர்கள் என் வேனைக் கண்டால் தொப்பியைக் கழற்றுவார்கள். விமானம் நேராகப் போவதால் ஆயிரத்து ஐந்நூறுதானாம். வளைவே இல்லாத பாதையில் எவன் வேண்டுமானாலும் ஓட்டலாம்.

முதலில் நேரத்தைப் பார்த்தேன். ஒன்பதுக்குக் கிளம்பும் விமானம் பத்தரைக்கு போர்ட்டோவில் இறங்குகிறது. திரும்பும்போது ஆறுக்குக் கிளம்பி ஒன்பதரைக்குப் போய்ச் சேர்கிறது. வர ஒன்றரை மணி, போக மூன்றரையா? பிரான்சில் எங்கோ இறங்குகிறான் என்று அப்போதே முடிவு கட்டினேன். விமான நிலையக் கவுண்டரில் இருந்த பெண்ணை மடக்கிக் கேட்டேன். "ஐயா, ரெண்டு பக்கமும் ரெண்டரை மணிதான். நம்ம கடிகாரம் அவங்களுக்கு ஒரு மணி பின்னாடி. விமானம் நடுவுல காபி குடிக்க நிக்காது" என்று சிரித்தாள். எனக்குத் தெரியாதா? அவளுக்குத் தெரிகிறதா என்று பார்த்தேன்.

கடிகாரத்தின் மேல் குற்றமில்லை, சரி. மத்தியானம் முழுக்கக் கணக்கில் வரவில்லையே! நிலையத்திலிருந்து இங்கே ஒரு மணி நேரப் பாதைதான். முந்தாநாள் அவனுடைய வாடகைக் காரைப் பின்தொடர்ந்தேன், காற்றுக்குக்கூடத் தெரியாமல். மட்டோசின்யோஷ் துறைமுகத்தில் நிறுத்தினான். தெருவில் மத்தி மீன் சுடும் கடையில் ஒரே ஒரு தட்டு வாங்கினான். கடற்சுவரில் உட்கார்ந்தான், தின்றான், கப்பலைப் பார்த்தான். நான் வேனுக்குள் வெந்துகொண்டிருந்தேன். எவளும் வரவில்லை. அதுதான் இன்னும் பெரிய சந்தேகம். கடலைப் பார்க்கவா ஒருவன் விமானம் ஏறுவான்?

நேரே போய் நின்றேன்.

"என்ன மாமா, வேவு பாக்கறீங்களா? அந்த மஞ்ச வேன் கப்பல்ல இருக்கறவனுக்கே தெரியுது" என்றான்.

யார் அவள் என்று அதட்டினேன். தட்டைச் சுவரில் வைத்தான். பிறகு சொன்னான்: "அங்க இருந்தா, ஊருக்கு எப்பப் போறேன்னு கேக்கறாங்க. இங்க வாசல்ல கால வெச்சதும், எப்பத் திரும்பறேன்னு கேக்கறாங்க. இந்தச் செவுத்துல உக்காந்தா யாரும் ஒண்ணும் கேக்கறதில்ல மாமா."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, மீன் புகை என்றான். அடுப்போ தெருவுக்கு அந்தப் பக்கம், காற்றோ கடலிலிருந்து வீசுகிறது. இதையும் நான் கவனித்தேன். அந்தப் பேச்சை நான் இன்னும் முழுசாக நம்பவில்லை, இடலீனா. நம்பாமலும் இருக்க முடியவில்லை.

அதனால் அவசரப்பட்டு எதையும் முறித்துவிடாதே. அடுத்த மாதம் நீயும் அவன் பக்கத்து இருக்கையில் ஏறி வா. இரண்டரை மணிதான், அதற்கு நான் பொறுப்பு. நேரே வீட்டுக்கு வர வேண்டாம். அந்தச் சுவரில் அவனுக்குப் பக்கத்தில் உட்கார். ஒன்றும் கேட்காதே, அம்மா.

உங்கள் இருவருக்கும் கடவுள் துணை இருக்கட்டும்.

மாமா ஆர்மிந்து