பலகையில் மூன்று வாரம்

ஜூலை 1, செவ்வாய்

வெயில், புகைமூட்டம். தொண்டை எரிச்சல். கிளினிக்குக்கு லீவு. அக்காவிடம் லூமுட்டில் பயிற்சி என்று பொய்.

சுரேஷோடு ஈப்போவிலிருந்து ஸ்ரீ மஞ்சோங் பதிவு இலாகா. திருமண விண்ணப்பம் கொடுத்தாயிற்று. எங்கள் பெயர், படம் இரண்டும் பலகையில் மூன்று வாரம் தொங்கும். ஆட்சேபம் இருந்தால் யாரும் வந்து சொல்லலாமாம். படத்தில் எனக்குத் திருடி முகம்.

ஏன் இவ்வளவு அவசரம்? மலிவு வீட்டு விண்ணப்பத்துக்குத் திருமணப் பத்திரம் வேண்டும். தனி ஆளுக்கு வீடு கிடையாது. காதலுக்கு ஐந்து வருடம் யோசித்தோம். விண்ணப்பப் பாரத்துக்கு ஐந்தே நாள்.

இங்கே பதிவு வேறு, தாலி வேறு. பதிந்துவிட்டு இரண்டு வருடம் அவரவர் வீட்டில் இருப்பவர்கள் எத்தனையோ பேர். கோயிலில் தாலி ஏறும்வரை யாரும் கணவன் மனைவி என்று சொல்வதில்லை. அதனால் இது கல்யாணமே இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சு. வண்டியில் கேட்டான்: "அக்காகிட்ட எப்ப சொல்ற?"

"ஞாயித்துக்கிழம அவள பாக்க வாராங்க. அது முடியட்டும்."

"அந்த மாப்பிள்ள எங்க ஊருதானே?"

"ஆமா. ஆயர் தாவார்."



ஜூலை 6, ஞாயிறு

கேசரி கொஞ்சம் அடிப்பிடித்தது. மேலாக எடுத்துப் பரிமாறினோம்.

மாப்பிள்ளை குணசேகரன், செம்பனை ஆலையில் வேலை. வயது நாற்பத்தொன்று. அதிகம் பேசவில்லை. தண்ணீர் கொடுத்த அக்காவிடம் "தேங்க்ஸ்" சொன்னார். இதற்கு முன் வந்த நாலு பேரில் ஒருவனும் சொன்னதில்லை. அக்காவுக்கு முப்பத்தாறு. முப்பத்துமூன்று என்று தரகர் சொல்லியிருந்தார். யாரும் திருத்தவில்லை.

ஆடி பிறப்பதற்குள் பேசி முடிக்க வேண்டும், ஆவணியில் கல்யாணம் என்றார்கள். பிறகு அவருடைய அம்மா உள் அறைப் பக்கம் பார்த்தார். எங்கள் அம்மா படுத்திருக்கும் அறை. பக்கவாதம் வந்து நாலு வருடம்.

"மனசுல வச்சிக்காதீங்க. இவ எங்க வீட்டுக்கு வந்துட்டா அம்மாவ யாரு பாக்கறது?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"நான் இருக்கேன் அத்தை. நான் பாத்துக்குவேன்."

"நீயும் ஒரு நாள் போவேல்ல?"

"எனக்கு இப்ப அந்த நெனப்பே இல்ல."

சரளமாக வந்தது. அந்த நேரம் என் படம் பலகையில்.

அப்பா ரப்பர் பால் வெட்டிய தோட்டம் இப்போது வேலி போட்ட தாமான், பணக்காரர் குடியிருப்பு. கம்பெனி எங்களை வெளியே அனுப்பியபோது ஒரு வீடு கொடுத்திருந்தால் இந்தக் கேள்வியே வேறு. முதியோர் இல்லத்தில் கேட்டேன். இலவசமென்றால் "பெண் பிள்ளைகள் இருக்கிறார்களே" என்கிறார்கள். பெண் பிள்ளைகள் என்றால் சம்பளமில்லாத ஆஸ்பத்திரி. இங்கே பெண் பார்ப்பது என்பதே யார் யாரைக் கழுவிவிடுவது என்ற பேரம்தான்.

கோபம் எல்லாம் சரி. பொய் சொன்னது நான்.

ஜூலை 9, புதன்

அக்கா எனக்குப் பழக்குகிறாள்.

காலை 5.30 பம்பர்ஸ் மாற்றுவது
6 கஞ்சி, தலையணை உயரமாக. இல்லையென்றால் புரையேறும்
இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்புவது
இடது குதிகாலில் புண் வருகிறதா பார்ப்பது
பழைய பாட்டுப் போட்டால் மருந்து விழுங்குவார்

"இடுப்புல கை குடு பாப்பா. சட்டைய புடிச்சி இழுக்காத, தோல் உரிஞ்சிடும்."

அம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். பிடி பலமாக இருந்தது. நாற்றத்துக்கு மூச்சை அடக்கினேன்.

அக்கா கையுறைத் தொழிற்சாலையில் லைன் லீடராக இருந்தவள். அம்மா விழுந்ததும் விட்டுவிட்டுப் பள்ளிக் கேன்டீனில் அரைநாள் வேலை. என் டிப்ளோமாவை நிறுத்த வேண்டாம் என்றவள் அவள்தான்.

சாயங்காலம் ரவிக்கைக்கு அளவு கொடுக்கப் போனாள். வாசலில் திரும்பி, "பச்ச நல்லாருக்குமா, மாம்பழக் கலரா?" என்றாள்.

"மாம்பழக் கலரு."

சொல்லியிருக்கலாம். ஆவணி முடியட்டும் என்றிருந்துவிட்டேன்.

ஜூலை 11, வெள்ளி

மழை வருவதுபோல் வந்து போய்விட்டது.

குணசேகரனின் அம்மா போன். அக்கா கையில் மீன். ஸ்பீக்கரில் போடச் சொன்னாள், போட்டேன்.

"எம் மவ நேத்து அடையாளக் கார்டு தொலஞ்சி போச்சின்னு பதிவு இலாகாவுக்குப் போனா. அங்க பலகையில ஒன் தங்கச்சி படம், எங்க ஊருப் பையனோட."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"தெரியும் அத்தை," என்றாள். குரல் மாறவில்லை. "நாந்தான் பதியச் சொன்னேன். வீட்டுக்காகத்தான். தாலி இன்னும் நாளாகும்."

"அப்ப அன்னிக்கு ஏன் அப்படிச் சொன்னீங்க? அவளும் இந்தப் பக்கம் வந்துட்டா ஒங்கம்மாவ யாரு பாப்பா? நாளைக்கி எங்க வீட்டுக்குத் தூக்கிட்டு வருவே. எங்க வீட்டுல ரெண்டு ரூம்புதாம்மா. எம் மவன் நல்லவன், வேணாம்னு சொல்ல மாட்டான். அதனால நான் சொல்றேன்."

போன் நின்றது. அக்கா மீனின் செதிலை முழுவதும் எடுத்து முடித்தாள். "புளி ஊற வச்சியா?" என்றாள்.

எனக்குள் என்னவோ இறங்கியது. பயம் என்று நினைத்தேன். இல்லை. நிம்மதி. அம்மாவை அக்காவே பார்ப்பாள் என்ற நிம்மதி. எழுதிவிட்டேன்.

ஜூலை 13, ஞாயிறு

துணி துவைத்தேன். அம்மாவை நானே குளிப்பாட்டினேன், யாரும் கேட்காமல்.

இன்னொன்று. ஈப்போவிலேயே பதிவு இலாகா இருக்கிறது. சு. அங்கேதான் போகலாம் என்றான். எங்கள் புந்தோங் பகுதி ஆட்கள் கண்ணில் படும் என்று நான்தான் மஞ்சோங் என்றேன். ஆயர் தாவாருக்கு அதுதான் பக்கம், குணசேகரன் வீட்டு ஆட்கள் எதற்கானாலும் அந்த இலாகாவுக்குத்தான் போவார்கள் என்று தெரியாதா? தெரியும். பாரம் கொடுக்கும்போது ஒரு நொடி தோன்றியது. பார்த்தால் பார்க்கட்டும் என்றும் தோன்றியது.

இதை அக்காவிடம் சொல்லவில்லை. வேறொன்று சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"நான் அந்தம்மாகிட்ட போய்ப் பேசறேன்க்கா. வீடு கெடச்சா அம்மா எங்களோட. சுரேஷ் சரின்னுட்டான்."

"அவன் சரின்னுட்டான். நீ?"

"நானும்தான்."

"சும்மா இரு லா." சிரித்தாள். "புதன்கிழம அம்மாவ திருப்பறப்ப ஒன் மூஞ்சிய பாத்தேன். அன்னிக்கி சாயங்காலமே தையக்காரிகிட்ட ரவிக்க வேணாம்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

இல்லக்கா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அக்கா காத்திருந்தாள், மடித்த துணியைக் கையிலேயே வைத்துக்கொண்டு. நான் சொல்லவில்லை.