என் பெயருக்கு வந்த குரல்

அன்புள்ள அப்பாவுக்கு,

விடுதிக்கு வந்த ஒரு மாதத்தில் கற்றதையெல்லாம் ஒளிக்காமல் உண்மையாக எழுதுகிறேன். அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? இங்கே வாளியில் பெயர் எழுதாவிட்டால் அது ஊர்ச்சொத்து. அது முதல் பாடம்.

செவ்வாயன்று அலமாரிக்குப் பின்னால் நான் படித்துக்கொண்டிருந்ததைக் கவனிக்காமல் நூலகர் நூலகத்தைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார். பத்து நிமிடம், அத்தனை புத்தகமும் எனக்கே என்று மகிழ்ந்தேன். பிறகு கதவைத் தட்டித் தட்டிக் கை சிவந்தது. இரண்டு மணி நேரம் கழித்துக் காவலாளிதான் திறந்தார். யாரும் என்னைத் தேடவில்லை.

“வார்டன் திட்டுவாங்கன்னு அட்டெண்டன்ஸ்ல உன் பேருக்கும் நானே குரல் குடுத்துட்டேன்டி!” என்றாள் அறைத்தோழி பெருமையாக. நன்றி சொன்னேன்.

பயப்பட ஒன்றுமில்லை. வரும்போது சத்தமாக ஊதும் விசில் ஒன்று வாங்கி வாருங்கள். வீட்டில் சாப்பிடக் கூப்பிடும்போது, நான் அங்கே இல்லாவிட்டாலும், என்னையும் சேர்த்தே கூப்பிடுங்கள்.

விளக்கை அணைத்துவிட்டார்கள்.

உங்கள் மகள்