விண்திலகம் சரிபார்க்கப்படவில்லை

வெள்ளி, 09:40
செவ்வாய்ச் சுற்றுப்பாதை, மூன்றாம் நிலையம். பதிவு: அமலோற்பவம், பொறியாளர். ஆள் ஒன்று. காற்றுச் சுத்திகரிப்பான் பழுது. மாற்று உறுப்போடு 'ஆரல்' கப்பல் வந்துகொண்டிருக்கிறது. இருக்கும் காற்று பத்தொன்பது நாளைக்கு வரும். குரல் அனுப்பும் கருவி எரிந்துவிட்டதால் என்னிடம் மின்னஞ்சல் மட்டும்தான். பூமியும் கப்பலும் பேசுவது கேட்கும். இன்று பதினொரு மணியிலிருந்து திங்கள் பத்து மணிக்குள் என் அஞ்சல் ஒன்று போகாவிட்டால், இங்கே உயிரில்லை என்று ஆரல் திரும்பிவிடும். விதி அப்படி.

இன்று நிலையத்துக்குப் பெயர்சூட்டு விழா. புதுப் பெயர் 'விண்திலகம்'.

வெள்ளி, 11:25
அஞ்சல் திரும்பி வந்துவிட்டது. "அனுப்புநர் டொமைன் சரிபார்க்கப்படவில்லை."

பெயர் மாறினால் என் அஞ்சல் முகவரியில் வரும் டொமைனும் மாறும். அது எங்களுடையதுதான் என்று பூமியின் டி.என்.எஸ். பதிவேட்டில் ஒரு வரி சேர்க்க வேண்டும். அந்த வரியைப் பார்த்த பிறகுதான் அஞ்சல் சர்வர் என் கடிதத்தை ஏற்கும். புத்தியுள்ளவன் வரியைச் சேர்த்து, சோதித்துவிட்டு, அப்புறம் பழைய முகவரியை மூடுவான். இந்த விழாக்காரர்கள் பத்தரைக்கு ராகுகாலம் என்று பத்து இருபத்தெட்டுக்கே மூடிவிட்டார்கள்! இத்தனை கோடி கிலோமீட்டர் தள்ளி வந்தும் ராகு என்னை விடவில்லை.

வெள்ளி, 13:10
தரைநிலையத்தில் டி.என்.எஸ். பார்க்கும் பிச்சையாவின் குரல்: "யக்கா, வரியப் போட்டாச்சு. ஒரு மெயில் தட்டுங்க, பாப்போம்."

பூமியிலிருந்து எனக்கு வரும் பதிவேட்டு நகலைப் பார்த்தேன். 'விண்திலகம்.விண்திலகம்' என்ற பெயரில் போட்டிருக்கிறான். டொமைன் பெயரைப் பதிவேட்டின் படிவம் தானாகவே சேர்த்துக்கொள்ளும், இவனும் சேர்த்திருக்கிறான். தவறு என் கண்முன் இருக்கிறது. சொல்ல வழியில்லை. தொண்டை கட்டும் வரை கத்தினேன், மடையா, மடையா என்று.

சனி, 16:05
"யக்கா, மன்னிச்சிருங்க. பேரு ரெண்டு தடவ விழுந்திருக்கு. விழாக்காரங்க நேரமாச்சு நேரமாச்சுன்னு பறந்ததுல கவனிக்கல. இப்ப சரி பண்ணிட்டேன். உயிரோட இருக்கீங்கள்லா? ஒரு வார்த்த அனுப்புங்க."

வரி சரியாக இருக்கிறது. அனுப்பினேன். திரும்பியது. பதினொரு முறை அனுப்பினேன். பதினொன்றும் திரும்பின. மேசையைக் குத்தியதில் விரல் வீங்கிவிட்டது.

ஞாயிறு, 08:30
காரணம் தெரிந்துவிட்டது. வெள்ளி 10:31க்கு சர்வர் பதிவேட்டில் தேடியிருக்கிறது. அப்போது வரி இல்லை. 'இல்லை' என்ற அந்தப் பதிலை நினைவில் வைத்துக்கொண்டு, கெடு முடியும்வரை அது மறுபடி தேடாது. கெடு மூன்று நாள். பழைய டொமைனின் அமைப்பை அப்படியே புதியதற்கும் எடுத்திருக்கிறார்கள்.

யாரடா மூன்று நாள் வைத்தது என்று பார்த்தேன். போன வருடம், சர்வர்கள் பதிவேட்டைச் சும்மா சும்மா கேட்டுத் தொந்தரவு செய்கின்றன என்று சலித்துக்கொண்டு, நான்தான் வைத்தேன். விழாக்காரர்களைத் திட்டலாம், பிச்சையாவைத் திட்டலாம். இதற்கு யாரைத் திட்டுவது?

மூன்று நாள் முடிவது திங்கள் 10:31.

திங்கள், 10:02
ஆரலின் மாலுமி ஜெபராணி: "நிலையத்துல இருந்து பதில் இல்ல. எஞ்சினை எரிச்சாச்சு, திரும்புறோம். அமலி, எங்கள மன்னிச்சிரும்மா."

இருக்கிறேன். இருக்கிறேனடி. பார், இங்கேதான்

திங்கள், 10:58
"வாழ்த்துகள்! விண்திலகம் சரிபார்க்கப்பட்டது. இனி நீங்கள் அஞ்சல் அனுப்பலாம்."

ஆரலில் வீடு போகும் அளவுக்கே எரிபொருள். அடுத்த கப்பலுக்குப் பதினான்கு மாதம். காற்று பதினாறு நாள்.

'உயிரோடு இருக்கிறேன்' என்று அனுப்பினேன். இந்த முறை அஞ்சல் திரும்பி வரவில்லை.