யோகம் அக்காவின் சுவிட்ச்

வெள்ளி, ஆடி 1994. முரசுமோட்டை.

பேஸ் கிட்டாரில் கம்பி அதிர்வை வாங்கும் இரண்டு பிக்கப்பையும் தனியாகவும் சேர்த்தும் ஒலிக்கவைக்க ஒரு சுவிட்ச் தேடி ஒரு மாதமாக அலைந்தேன். இன்று ரேடியோ திருத்தும் யோகம் அக்கா தன் சொந்த ரேடியோவைத் திறந்து, அலைவரிசை மாற்றும் சுவிட்சைக் கழற்றினார்.

"அக்கா, அது உங்கடையெல்லோ?"

"பற்றறி இல்லாத ஊரில ரேடியோ என்னத்துக்கு? பிடி தம்பி."

குசினி அடுப்பு நெருப்பில் கம்பியைக் காய்ச்சி, சுவிட்சைக் கிட்டாரில் ஈயத்தால் ஒட்டினார். கிட்டாரைக் கசெட் றெக்கோடரில் கொடுத்து, றெக்கோடரைச் சைக்கிள் டைனமோவில் பூட்டி, தானே மிதித்தார். நான் வாசித்தேன். ஒரு பிக்கப்பில் கனமாகவும், மற்றதில் கூராகவும், சேர்த்தபோது உருண்டு திரண்டும் ஒலித்தது. இருவரும் சிரித்தோம்.

எழுதும்போதுதான் உறைக்கிறது. அந்த டைனமோ வயர் ஏற்கெனவே அவருடைய ரேடியோ வரைக்கும் இழுக்கப்பட்டிருந்தது. மிதித்து மிதித்துத்தான் இவ்வளவு நாளும் செய்தி கேட்டிருக்கிறார்.

சுவிட்ச் இல்லாமல் அந்த ரேடியோ இனிப் பேசாது; திருப்பிக் கொடுத்தாலும் வாங்கமாட்டார். இனி வேறெங்காவது செய்தியைக் கேட்டு, தினமும் நான்தான் போய்ச் சொல்லவேண்டும்.