ஒன்பதாவது வளைவு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அங்கே அப்படியே இருப்பீர்கள் என்ற தைரியத்தில் பேனாவை எடுத்தேன். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை, ஆனால் மாடிப்படி ஏறாதே என்றால் கேட்கிறவளா அவள். நம் ரோடு உள்வாங்கிய படத்தைப் பார்த்துவிட்டு நீ போனில் அழுதாய், நான் ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன். அம்மா பக்கத்தில் நின்றிருந்தாள், அதனால்தான். நடந்ததை இதில் முழுசாக எழுதுகிறேன்.

ரயில் நிலையத்திலிருந்து பெரிய ஆஸ்பத்திரி வரை இரண்டு மைல், பதினோரு வளைவு. அளந்தவன் குடித்திருந்தான் என்று ஊரில் கேலி பேசுவார்கள். இருபத்தாறு வருஷம் அதில் பஸ் ஓட்டியவன் நான், எந்த வளைவு எதற்கு என்று எனக்குத் தெரியும். ஒன்று பாறைக்காக, ஒன்று மரக்கிடங்குச் சுவருக்காக, ஒன்று யாரோ பெரிய மனிதர் தோட்டத்தை விட்டுத்தரமாட்டேன் என்று அடம்பிடித்ததற்காக. நம் வீட்டு முன்னால் இருக்கிற ஒன்பதாவதுக்கு மட்டும் காரணமே கிடையாது. நிறைமாதக்காரி வயிறு மாதிரி வெளியே தள்ளிக்கொண்டு ஒரு வெறும் புல்தரையைச் சுற்றிப் போகும். அந்தத் தரையில் ஒருவரும் வீடு கட்டினதில்லை, ஏன் என்று கேட்டதும் இல்லை.

அந்தப் புல்தரைக்குக் குறுக்கே மாநகராட்சிக்காரர்கள் நேராகத் தார் போட்டார்கள் என்று எழுதியிருந்தேன் அல்லவா. பழைய வளைவை நடைபாதையாக விட்டுவிட்டார்கள். நான்கு மாதம் வண்டியெல்லாம் நேராகத்தான் போயின. ஆனால் நடக்கிறவர்கள் ஒருவர்கூட நேராக நடக்கவில்லை, பாப்பா. யாரும் யாரிடமும் பேசிவைக்கவில்லை. தையற்காரர் மனைவி குடத்தோடு சுற்றிக்கொண்டு போவாள், நாய்கூடச் சுற்றித்தான் போகும். நேராகப் போனால் என்ன என்று அம்மாவைத் திட்டினேன். கால் வரமாட்டேங்குது, நான் என்ன பண்ணட்டும் என்றாள்.

எதிர்வீட்டில் நாற்காலிக்குப் பிரம்பு பின்னுகிறாரே, பார்வை தெரியாதவர், அவர் ஒருநாள் என் கையைப் பிடித்து நிறுத்தினார். டிரைவர் சார், அந்தப் புது ரோட்டுல தடியைத் தட்டினா சத்தம் லேட்டா திரும்பி வருது என்றார். சிரித்துவிட்டு வந்தேன், ஆனால் மனசு கேட்கவில்லை. அன்று மத்தியானம் தெரு ஓய்ந்திருந்தபோது போய்ப் புதுத் தார் மேல் படுத்துக் காதை வைத்துப் பார்த்தேன். உச்சி வெயில், தார் கன்னத்தைச் சுட்டிருக்க வேண்டும். சில்லென்று இருந்தது. பானை அடிப்பாகத்தைத் தொட்ட மாதிரி. எழுந்து நேராக மாநகராட்சி ஆபீசுக்குப் போய் இன்ஜினியரைப் பார்த்தேன். லோடு லாரியே ஏத்திப் பாத்துட்டோம், பயப்படாம வீட்டுக்குப் போங்க ஐயா என்றார், நல்ல பிள்ளைதான்.

மறுநாள் பள்ளிக்கூடம் விடுகிற நேரம். தார் மேல் வியர்த்த மாதிரி ஈரம் பூத்திருந்தது, தூரத்தில் பள்ளி வேன் வருகிறது. என்ன தோன்றியதோ, நடுரோட்டில் போய்க் கையை விரித்துக்கொண்டு நின்றுவிட்டேன். ஓட்டி வந்தவன் என்னிடம் தொழில் பழகிய பையன். அண்ணே, உங்களுக்கு என்னாச்சு, புள்ளைங்க இருக்கு, ஒதுங்குங்க என்று கத்தினான். நீ இறங்கி வந்து என்னைத் தூக்கிப் போட்டுட்டுப் போடா என்றேன். இறங்கி வந்தவன் பாதியில் நின்றான். என் தோளுக்குப் பின்னால் பார்க்கிறான், வாய் திறந்திருக்கிறது. பின்னால் எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. பால் ஆடை அமுங்குகிற மாதிரி ரோடு அமுங்கியது என்று பிறகு சொன்னான். வேனுக்குள்ளே பத்தொன்பது குழந்தைகள்.

பள்ளத்துக்குள்ளே ஒரு குளம். கல் படிக்கட்டு, கருப்பாகத் தண்ணீர். அதன் கரை நம் பழைய வளைவை ஒட்டி அப்படியே வளைந்து போகிறது. யார் மூடினார்கள், எப்போது மூடினார்கள் என்று ஒரு காகிதத்திலும் இல்லையாம். இப்போது வேலி போட்டுவிட்டார்கள், வண்டிகளும் முன்போலச் சுற்றித்தான் போகின்றன. எங்களை அங்கே வந்துவிடச் சொன்னாய். அம்மா வரமாட்டாள். எங்கே கால் வைக்கணும்னு இங்கேதான் எனக்குத் தெரியும் என்கிறாள்.

அவளிடம் சொல்லாத ஒன்றை உன்னிடம் சொல்லிவிடுகிறேன். நான் பஸ் ஓட்டிய காலத்தில் மாதம் ஒருமுறையாவது ஒரு மனிதர் ஏறுவார், ஒல்லியாக, காக்கி பேண்ட். குளத்துப்படிக்கு ஒண்ணு என்று டிக்கெட் கேட்பார். அப்படி ஸ்டாப்பே இல்லையென்று கண்டக்டர் சொன்னாலும், ஒன்பதாவது வளைவு வந்ததும் தானே எழுந்துவிடுவார். நாங்கள் இரண்டு பேரும் கண்ணாடியில் பார்த்துச் சிரிப்போம். ஏனென்றால் பஸ்ஸின் கடைசிப் படியில் நின்று, எந்தக் கோடையானாலும், பேண்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டுக்கொண்டுதான் கீழே கால் வைப்பார்.

பேத்திக்குத் தடுப்பூசி தேதி தள்ளிப்போகாமல் பார்த்துக்கொள். இதைப் பற்றி அம்மாவிடம் போனில் கேட்டுவைக்காதே. நீங்கள் மூன்று பேரும் நிறைவாக, நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும்.

உன்னையே நினைத்திருக்கும்
அப்பா