நிறுத்தச் சொன்ன சங்கை மீண்டும் ஊதக் கோரி

அனுப்புநர்:
'வாத்து' கப்பல் எண்ணெய்க்காரரின் மகள்,
சலவைக்கூடத்தின் மாடி அறை,
துறைமுகச் சாலை.

பெறுநர்:
துறைமுகக் கண்காணிப்பாளர் அவர்கள்,
துறைமுக அலுவலகம்.

பொருள்: காட்சிக்கூடத்துக் கப்பல் சங்கை நிறுத்தக் கோரிய என் முந்தைய மனுவைத் திரும்பப் பெறுதல், அதே சங்கை ஒருநாள் வேறுவிதமாக ஊதக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பார்வையாளர்களுக்காகத் தினமும் காலையில் ஊதப்பட்டு வந்த சங்கை, சென்ற மாதம் நான் கொடுத்த மனுவைப் படித்துத் தாங்கள் நிறுத்தினீர்கள். இவ்வளவு சீக்கிரம் நடக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நன்றி சொல்ல வேண்டிய நேரத்தில் அதே சங்கை ஊதச் சொல்லி எழுதுகிறேன். என்ன பெண் இவள் என்று தாங்கள் நினைத்தால் அதில் தவறில்லை. எனக்கே குழப்பமாகத்தான் இருக்கிறது. நேரில் வந்தால் எனக்குப் பேச்சு வராது. எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டதால் எழுத்தில் பிழை இருந்தாலும் பொறுத்துக்கொள்ளவும்.

1. போர்க்காலத்தில் அக்கரையில் இருந்த படைக்கு மாவு, மண்ணெண்ணெய், காயத்துக்குக் கட்டும் துணி எல்லாம் கொண்டுபோன சரக்குக் கப்பலில், இயந்திரங்களுக்கு எண்ணெய் விடும் வேலையை என் அப்பா பார்த்தார். ஆடி ஆடிப் போகும் அந்தக் கப்பலுக்கு 'வாத்து' என்றுதான் எல்லோரும் பெயர் வைத்திருந்தார்கள். எனக்கு ஆறு வயதில் அது மூழ்கியது. ஒருவரும் திரும்பவில்லை. அவர்கள் படையினரும் இல்லை, பயணிகளும் இல்லை என்பதால் எந்த வரிசையில் சேர்ப்பது என்று இன்றுவரை யாருக்கும் தெரியவில்லை.

2. சரக்குக் கப்பல் ஒவ்வொன்றுக்கும் தனி ஊதல் இருந்தது. வாத்து வந்தால் இரண்டு குட்டை, ஒரு நீளம். அதைக் கேட்டால் கப்பல் ஆட்களின் வீட்டுப் பெண்கள் அவர்களுக்குத் துவைத்த துணியை எடுத்துக்கொண்டு துறைமுக வாசலுக்கு ஓடுவார்கள். ஆட்களை வெளியே விடுவது கொஞ்ச நேரம்தான்.

3. இந்த ஆண்டு காட்சிக்கூடம் திறந்த அன்று அதே இரண்டு குட்டை, ஒரு நீளம் கேட்டது. எதிர்க்கடைத் தையல்காரர் கத்திரிக்கோலோடு தெருவுக்கு வந்து, "அடியே, இங்க வா! நம்ம வாத்தோட கட்டைத் தொண்டைதானே இது?" என்று மனைவியைக் கூப்பிட்டார். கீழே இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அம்மா, பெட்டியை யாருடைய படுக்கை விரிப்பின் மேலோ அப்படியே வைத்துவிட்டு, அப்பாவின் சட்டையை எடுத்துக்கொண்டு ஓடினார். பத்து வருடம் அழாமல் இருந்தவர். திடமான பொம்பளை என்று தெருவே சொன்னது. அன்றிலிருந்து தினமும் ஓடினார். வாசல் காவலர் நல்லவர். "சரக்கு எறக்கிட்டு இருக்காங்கக்கா, செத்த உக்காருங்க" என்று முக்காலி போட்டுக் கொடுப்பார். அம்மாவும் இருட்டும்வரை உட்கார்ந்திருப்பார். சலவைக்கூட முதலாளி, "இன்னொரு விரிப்பு கருகட்டும், ஆத்தாளும் மகளும் மூட்டையக் கட்டிட வேண்டியதுதான்" என்றார். அதனால்தான் முதல் மனு எழுதினேன்.

4. சங்கு நின்றதும் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அம்மா படுக்கையை விட்டு எழவில்லை. சரியாகச் சாப்பிடுவதும் இல்லை. ஜன்னலைப் பார்த்தபடி, "என்னடி, இன்னும் வரக் காணோம்?" என்று என்னைத்தான் கேட்கிறார். வந்துகொண்டிருந்த கப்பலை நான்தான் நடுக்கடலில் நிறுத்திவிட்டேன் போலிருக்கிறது.

5. போன வாரம் சலவைக்கூடத்துக் கொதிகலனைப் பழுதுபார்க்க, முன்பு துறைமுகப் பட்டறையில் பிட்டர் வேலை பார்த்த பெரியவர் வந்தார். காட்சிக்கூடத்தில் சங்கைப் பொருத்தியதும், இரண்டு குட்டை ஒரு நீளம் என்று ஊதச் சொல்லிக் கொடுத்ததும் அவர்தானாம். அம்மாவின் நிலையைக் கேட்டுக் கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார். "அது போர்க்கப்பல் சங்குன்னு எழுதி வச்சிருக்காங்க பாரு, அதெல்லாம் இல்லம்மா. வாத்தோடதுதான். கடைசித் தடவை வந்தப்ப, விரிசல் அடைக்கணும்னு நான்தான் கழட்டி எறக்குனேன். அவசரச் சரக்குன்னு அன்னைக்கே கப்பல அனுப்பிட்டாங்க. ஊதாமத்தான் போச்சு" என்றார். கிளம்பும்போது வாத்து ஒரே நீளமாக ஊதுமாம். அதைக் கேட்ட பிறகுதான் பெண்கள் வீடு திரும்புவார்களாம்.

6. இதை அம்மாவிடம் சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தேன். "கெளம்புனா ஊத மாட்டாங்களா? எனக்கென்ன காது செவிடா?" என்றார். அம்மாவைப் பொறுத்தவரை அப்பா இன்னும் கிளம்பவே இல்லை, ஐயா.

7. ஆகவே, தங்களுக்கு வசதியான ஒருநாள், காலையில் வழக்கம்போல வருகை ஊதலும், சாயங்காலம் கிளம்பும் ஊதலும் ஊதும்படி உத்தரவிட வேண்டுகிறேன். சங்கின் அடியில் உள்ள பலகையில் 'வாத்து' என்று எழுதவும் வேண்டுகிறேன். கிளம்பும் ஊதலுக்கு என் சித்தி சம்மதிக்கவில்லை. "பெத்தவளுக்கே அந்த மனுஷன இன்னொரு தடவை சாகடிச்சுக் காட்டப் போறியா?" என்று கேட்டார். அவர் சொல்வதும் சரி என்றுதான் படுகிறது. கிளம்பும் ஊதலைக் கேட்டு அம்மா என்னோடு வீட்டுக்கு வருவாரா, அங்கேயே விழுந்துவிடுவாரா என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர் யாரென்றும் தெரியவில்லை. அதன்பிறகு தினமும் ஊதலாமா கூடாதா என்று மூன்றாவது மனு கொடுக்க நேர்ந்தால் தாங்கள் கோபப்படக் கூடாது.

8. கடைசியாக ஒன்று. கப்பல் அலைதடுப்புச் சுவரைத் தாண்டும்வரை அந்த நீள ஊதலை விட மாட்டார்கள் என்று பிட்டர் சொன்னார். இப்போது கப்பல் இல்லாததால் எவ்வளவு நேரம் என்று எழுத எனக்குத் தெரியவில்லை. நான் வாசலில் அம்மாவின் பக்கத்தில் நிற்பேன். அவர் கையசைத்து முடித்ததும் காவலரிடம் தலையாட்டுகிறேன். அதுவரை மட்டும் ஊதச் சொல்லுங்கள், ஐயா.

இப்படிக்குத் தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
(ஒப்பம்)
எண்ணெய்க்காரர் மகள்

இடம்: துறைமுகச் சாலை
நாள்: மூன்றாம் தேதி, வியாழக்கிழமை